அம்மா என் தோளையே கேட்டுக்கொண்டிருந்தாள்

என் செல்லச் சரசக்கா,

நீ போய் எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் உன் பெயரை நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்தால் அம்மா “பெரியவ” என்பாள், அதோடு நிறுத்திக்கொள்வாள். அப்பா அதுவும் சொல்வதில்லை. எனக்கு நடந்ததை மற்றவர்களிடம் சொல்லிப் பார்த்தேன் அக்கா. ஒன்று அழுகிறார்கள், இல்லையென்றால் “அடுத்த தடவை நல்லா நிக்கும், விடு” என்கிறார்கள். அதனால் உன்னிடம் வந்திருக்கிறேன்.

நான் இப்போது மைசூரில் இருக்கிறேன். கல்யாணமாகி மூன்று வருஷம். என் வீட்டுக்காரரை நீ பார்த்ததில்லை, பெயர் லோகேஷ். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நஞ்சன்கூட்டில் ஒரு பேக்டரியில் எலெக்ட்ரீஷியன். தமிழில் பேச ஆரம்பித்தால் பாதி வழியில் கன்னடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீ இருந்திருந்தால் கேலி பண்ணியே அவரை ஒரு வழி ஆக்கியிருப்பாய். மேட்டகள்ளியில் வாடகை வீடு. எனக்கு தேவராஜ அரசு ரோட்டில் ஒரு துணிக்கடையில், பட்டுப் புடவைப் பிரிவில் வேலை. காலையிலிருந்து கடை சாத்தும்வரை நின்றுகொண்டே இருக்கிற வேலை.

இந்த வருஷம் ஆனி கடைசியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. லோகேஷ் மருந்துக்கடையிலிருந்து அந்தச் சோதனைப் பட்டையை வாங்கி வந்தார். ஒரு கோடு பளிச்சென்று வந்தது. இரண்டாவது கோடு இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இருக்கு, நோடு, சரியா நோடு” என்றார், பார், சரியாகப் பார் என்று. எனக்கும் இருக்கிற மாதிரிதான் பட்டது. யாருக்கும் சொல்ல வேண்டாம், இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

கோடு மங்கலாக இருந்தாலும் உடம்பு தெளிவாகத்தான் சொன்னது அக்கா. மார்பு தொட்டாலே வலித்தது. வெங்காயம் தாளிக்கிற வாசனை வந்தால் வாசலுக்கு ஓடினேன். கடையில் புதுப் புடவையைப் பிரிக்கும்போது வருகிற கஞ்சி வாசனைகூட வயிற்றைப் புரட்டியது. வாந்தியை அடக்கிக்கொண்டு முந்தானை விரித்துக் காட்டுவேன், உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

ஒரு மத்தியானம், நஞ்சன்கூட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தேன். அடிவயிற்றை யாரோ ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கினார்கள். இடுப்பு விட்டுப்போனது, வலி தொடைவரை இறங்கியது. மாடியில் இருக்கிற பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தால் பழுப்பாக ஒரு கறை. கொஞ்ச நேரத்தில் அது சிவப்பானது. கீழே வந்து மறுபடி நின்றேன், வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. எங்கள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சுமித்ரா மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல், வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். ஃபோனை எடுத்து லோகேஷைக் கூப்பிட்டதும் அவர்தான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் குழந்தை ஞாபகம் வரவில்லை. நீதான் வந்தாய்.

உனக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியாது அக்கா. நீ போன பிறகுதான் கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கரு கர்ப்பப்பைக்குள் நிற்காமல் பக்கத்துக் குழாயில் நின்றுவிட்டது, அது வளர்ந்து குழாய் கிழிந்து, ரத்தம் வயிற்றுக்குள்ளேயே கொட்டியிருக்கிறது என்றார்கள். நீ கர்ப்பமாக இருந்ததே யாருக்கும் தெரியாது. தள்ளிப்போன மாதவிலக்கு வந்துவிட்டது, அதனால் வயிறு வலிக்கிறது என்றுதான் நீயும் நினைத்தாய். நடுவில் தோள்பட்டை வலிக்கிறது என்று சொன்னாய். சோளக் கதிர் ஒடித்த வலி என்று அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டாள். சாயங்காலம் மயங்கி விழுந்தாய். ஹனூரிலிருந்து வண்டி பிடித்துக் கொள்ளேகால் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் மகள் கவிதாவுக்கு அப்போது மூன்று வயது.

லோகேஷ் வந்து என்னை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா கன்னடக்காரர், நடுத்தர வயசு, மெதுவாகப் பேசுகிறவர். ஸ்கேன் எடுத்தார். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். எனக்குத் திரையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“கர்ப்பப்பையில் இப்போதைக்கு ஒன்றும் காணவில்லை” என்று கன்னடத்தில் சொன்னார். “ரொம்பச் சின்னதாக இருப்பதால் தெரியாமல் இருக்கலாம். கலைந்து வெளியே போய்க்கொண்டிருக்கலாம். இல்லையென்றால் வேறு இடத்தில் நின்றிருக்கலாம்.”

மூன்றாவதைக் கேட்டதும் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கே ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பத்தில் ஊறுகிற சுரப்பு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்களாம். இரண்டு நாள் விட்டு மறுபடி எடுத்துப் பார்த்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். அதுவரை வீட்டில் இருக்கலாம், தனியாக மட்டும் இருக்கக்கூடாது. ஒரு பக்கமாகக் கடுமையான வலி வந்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, நாப்கின் மளமளவென்று நனைந்தாலோ உடனே வர வேண்டும் என்றார். எழுந்து வரும்போது, “தோள்பட்டையில் வலி வந்தாலும் வந்துவிடு. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தோளில் வலி தெரியும்” என்றார்.

தோள்பட்டை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன் அக்கா. நீ அன்றைக்கு எங்களிடம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். உன் உடம்பு கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். ரத்தம் போகிறது, டாக்டர் என்ன சொன்னார் என்றெல்லாம் சொன்னேன். தோள் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. “அம்மா, இருக்கியா?” என்றேன். “வாறேன்” என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு பைகூட இல்லை, மாற்றுப் புடவை இல்லை. தோட்டத்துக்குக் கட்டியிருந்த புடவையோடு வாசலில் நின்றாள்.

அப்புறம் காத்திருந்தோம். அதைத் தவிர அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை. வலி வந்து வந்து போனது. வரும்போது முழங்காலை மடக்கிக்கொண்டு சுருண்டு கிடப்பேன். போனதும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், எழுந்து பாத்திரம் கழுவலாமா என்று தோன்றும். எழுந்தால் கண் இருட்டும். கை கால் ஜில்லென்று இருக்கும். கோடைக் காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பில் பலமே இருக்காது.

அம்மா கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“தோளு வலிக்குதா கண்ணு?”

“இல்லம்மா.”

“வலிச்சா உடனே சொல்லிப்போடு.”

“சொல்றேன்மா.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, “தோளு?” என்பாள். வயிற்றைக் கேட்கவில்லை, ரத்தத்தைக் கேட்கவில்லை. என் தோளையே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கஞ்சி குடிக்கக் கையைத் தூக்கினால் அவள் கண் என் தோளுக்குப் போகும்.

லோகேஷ் லீவு போட்டிருந்தார். பாவம், அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மிக்சியைக் கழற்றி மாட்டினார். ரொம்ப நாளாகக் கடகடவென்று சத்தம் போட்ட மின்விசிறியைச் சரிசெய்தார். பாத்ரூம் ஸ்விட்சை மாற்றினார். மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போனதும் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்து, “நீ டென்ஷன் மாட்கோபேடா” என்றார், கவலைப்படாதே என்று.

இரண்டாம் நாள் காலையில் பாத்ரூமில் கட்டியாக ஏதோ போனது. நெல்லிக்காய் அளவுகூட இருக்காது. வெறும் ரத்தக்கட்டியா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கலாமா, பார்க்கக்கூடாதா? யாரையாவது கூப்பிட வேண்டுமா? டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போக வேண்டுமா? இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு தண்ணீர் ஊற்றிவிட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை அக்கா. நீ சொல்லேன்.

அன்றைக்கு மத்தியானம் அம்மா ரசத்துக்குத் தாளித்தாள். கடுகு வெடித்து, வெங்காயம் வதங்குகிற வாசனை கட்டில்வரை வந்தது. எனக்குக் குமட்டவில்லை. பசித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அப்போதுதான் அழுதேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்து, “தோளா?” என்றாள்.

இரண்டாவது சோதனையில் அளவு குறைந்திருந்தது. ஆனால் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லையாம். “இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம். அதுவரை ஜாக்கிரதையாக இரு” என்றார் டாக்டரம்மா. நான் கடையில் புடவை மூட்டை தூக்கினேனே, தினமும் மாடி ஏறி இறங்கினேனே, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேனே, அதனாலா என்று கேட்டேன். “நிம்ம தப்பேனூ இல்லம்மா” என்றார். உன் தப்பு எதுவும் இல்லை. அதை இரண்டு முறை சொன்னார். முதல் முறை நான் நம்பவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம் எனக்குத் தோள் வலித்தது.

வலது தோள். அந்தப் பக்கமாகவே படுத்துக் கிடந்ததால் வந்ததா, உனக்கு வந்தது மாதிரி வந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டாள். எழுந்தாள். அழவில்லை, கத்தவில்லை. “மாப்ளை, ஆட்டோ கூப்பிடுங்க” என்றாள். அவர் வெளியே ஓடினார். அம்மா என் தலையைக் கோதி முடிந்து, புடவையைச் சரிசெய்து, என்னைச் சுவரோரமாக நிறுத்திச் செருப்பை அவளே மாட்டிவிட்டாள். எட்டு வருஷமாக இந்த நேரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மனசுக்குள் செய்து பார்த்தவள் மாதிரி இருந்தாள்.

ஆட்டோவில் என் மணிக்கட்டை விடவே இல்லை. ரயில்வே கேட்டில் நின்றோம். ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு மாதேஸ்வரா, மாதேஸ்வரா என்று முணுமுணுத்தாள். லோகேஷ் ஆட்டோவிலிருந்து இறங்கி, கேட்டுப் பக்கம் போய் நின்று, திரும்பி வந்து, மறுபடி போனார். போனால் மட்டும் ரயில் சீக்கிரம் போய்விடுமா?

ஆஸ்பத்திரியில் அம்மாவை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவள் இருக்கவில்லை. ஸ்கேன் அறைக்குள் வந்துவிட்டாள். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ற சரசுக்கும் தோளுதான் வலிச்சுதுங்க. நான் எண்ணெ தேச்சுவுட்டேனுங்க. எனக்குத் தெரியலீங்க. என்ற சரசு சொன்னாளுங்க, எனக்குத்தான் தெரியலீங்க.”

டாக்டரம்மாவுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது. லோகேஷ் கதவோரம் நின்று கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தார். “அவர மொதல்ன மகள்…” என்றவர் மேற்கொண்டு சொல்ல முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. டாக்டரம்மா அம்மாவின் கையிலிருந்து தன் கையை எடுக்காமலே, இன்னொரு கையால் ஸ்கேன் பார்த்தார்.

உன் பெயரை அம்மா சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். இரண்டு தடவை சொன்னாள் அக்கா. நீயும் கேட்டாயா?

வயிற்றில் ரத்தம் எதுவும் தேங்கவில்லை. இரண்டு குழாயும் ஒழுங்காகத்தான் தெரிந்தன. தசை வலிதான், படுத்த படுக்கையால் வந்தது என்றார். இருந்தாலும் அன்றைக்கு அனுப்பவில்லை, அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் எடுத்த சோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். கடைசியில் ஒன்றுமில்லை என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

“ஆரம்பத்திலேயே கலைந்திருக்கலாம்” என்றார். கன்னடத்தில் ‘இரபஹுது’ என்பார்கள், நம் தமிழில் ‘லாம்’. உறுதியாகச் சொல்ல முடியாது, ஸ்கேனில் எதையும் பார்க்கவில்லை என்பதால் அப்படித்தான் எழுதுவார்களாம். அவர் நேர்மையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ‘லாமை’ வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இருந்தது என்று தெரிந்தால் அதற்காக அழலாம். இல்லை என்று தெரிந்தால் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

உடம்பு தேறிவிட்டது. மெதுவாகத்தான் தேறியது. ரத்தப்போக்கு வாரக் கணக்கில் இழுத்து, பழுப்பாகி, ஒரு நாள் நின்றது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன், வாயெல்லாம் துருவாசனை. மாடிப்படி ஏறினால் பாதியில் முழங்கால் தொய்ந்துவிடும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மார்பு வலி எப்போது போனது என்றே தெரியவில்லை. ஒரு நாள் குளிக்கும்போது பார்த்தால் இல்லை. அது வலித்தால் போதும் என்று அழுத்திப் பார்த்தேன்.

கடைக்குத் திரும்பிய முதல் நாளே சீமந்தத்துக்குப் பச்சைப் புடவை கேட்டு ஒரு பெண் வந்தாள். ஏழெட்டு மாசம் இருக்கும். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பச்சை சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்து, “நீவே ஹேளி” என்றாள், நீங்களே சொல்லுங்கள் என்று. நான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது அவளுக்கு. சுமித்ரா மேடம் பின்னாலிருந்து அந்த நாற்காலியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று பயமாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் மாதவிலக்கு வந்தது. வழக்கத்தைவிட அதிகம். டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன், முதல் தடவை இப்படி இருக்கும், உடம்பு பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் என்றார். நல்ல செய்திதான். எனக்கு மட்டும் அது நல்ல செய்தி மாதிரிக் கேட்கவில்லை. அன்று காலையில் லோகேஷ் வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்: “நம்ம கூட ஒருத்தரு இருந்தாங்களா, இல்லவா?”

எனக்குத் தெரியாது என்றேன். அவர் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு போனார்.

உன் வீட்டுச் செய்தி சொல்ல வேண்டுமே. உன் வீட்டுக்காரர், மாமா, திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு கல்யாணம் செய்துகொண்டார். கவிதா நம் அம்மா அப்பாவிடம்தான் வளர்கிறாள். ஆறாவது படிக்கிறாள். கன்னடத்தில்தான் கதையெல்லாம் படிக்கிறாள், தமிழ் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். உயரத்தில் என் காது அளவுக்கு வந்துவிட்டாள். நெற்றியும் கோபமும் அப்படியே நீ.

அம்மா இங்கே இருந்தபோது கவிதாவிடம் சித்திக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். போன வாரம் ஃபோனில் என்னிடம் கேட்டாள்:

“சித்தி, எங்கம்மாவுக்கு வந்த காச்சலா உங்களுக்கும் வந்துச்சு?”

காய்ச்சலில்தான் நீ போனாய் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள் அக்கா. எட்டு வருஷமாக, ஒவ்வொரு தடவை உடம்பு சுடும்போதும் அந்தப் பிள்ளை என்ன நினைத்துப் படுத்திருக்கும்? சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டேன். தசரா லீவுக்கு அவளை இங்கே அனுப்பு, நான் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன் என்றேன்.

“சின்னப் புள்ளகிட்டப் போயி என்னத்தச் சொல்லுவ?”

“அவ வயசுக்கு வரப்போற புள்ளம்மா.”

பின்னால் கோழிகள் கத்துவது மட்டும் கேட்டது. பிறகு சொன்னாள், “நானும் கூட வாறேன். நீ சொல்லு. தோளப் பத்தி வாறப்ப நானே சொல்லிக்கிறேன்.”

உன்னிடம் இனி எதையும் கேட்க முடியாது. எனக்கு மறுபடி தங்குமா, தங்கினாலும் ஒவ்வொரு நாளும் பயந்து சாகாமல் இருப்பேனா, அதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். உன் மகள் இனிமேல் காய்ச்சலுக்குப் பயப்பட மாட்டாள். அவள் அம்மா எப்படிப் போனாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் உடம்பு எதையாவது சொன்னால் அதைக் கேட்க ஆள் இருப்போம். எப்படி ஆரம்பிப்பது என்று தினமும் யோசிக்கிறேன், வார்த்தை கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் உன் பெயரைச் சொல்வேன். சத்தமாகச் சொல்வேன் சரசக்கா.

உன் பிள்ளைக்குச் சித்தியாக மட்டுமே இப்போதைக்கு மிஞ்சியிருக்கிற,
உன் கூடப்பிறந்தவள்,
அம்முணி